வாசக்கால் வைக்காத வீடு

சாப்பாட்டு நேரத்தில் எழிலரசன் கை கழுவிவிட்டுச் செங்கல் அடுக்கின் நிழலில் போய் உட்கார்ந்தான். சோற்றுத் தூக்கைத் திறப்பதற்கு முன்னால் போனைத் திறந்தான். விளையாட்டுக்குள் போய் வீடு கண்ணுக்குத் தெரிந்ததும் திரை கறுத்தது. உங்கள் கணக்கு வேறொரு போனில் திறக்கப்பட்டுள்ளது என்று எழுத்து வந்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

"இன்னா மேஸ்திரி, சம்சாரம் வெளிய தள்ளிட்டாங்களா?" என்றான் தனகோட்டி. எழிலரசனோடு வெகுநாளாகக் கூடவே வேலை செய்கிற கொத்தனார் அவன்.

"தள்ளிட்டா."

"குடுத்து வெச்சவன்யா நீ. எங்க வூட்ல தள்றதா இருந்தா தொடப்பத்தால தள்ளுவா. உனக்கு போன்லயே முடிஞ்சிடுது."

ஒரே கணக்கை இரண்டு போனில் வைத்திருந்தார்கள் எழிலரசனும் சுமலதாவும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க முடியாது. பின்னால் வருகிறவர் உள்ளே போனால் முன்னால் வந்தவர் வெளியே வந்துவிட வேண்டியதுதான். ஆளுக்கொரு கணக்குத் தொடங்கலாம், அதற்கொன்றும் காசில்லை. "அப்பிடிப் பண்ணா வீடு ரெண்டாயிடும் மாமா" என்று சுமலதா வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் போனுக்கு உள்ளே வைக்கிற சின்னச் சின்னச் சாமான்களைப் பொருத்துகிற வேலை அவளுக்கு. தங்குவது கம்பெனி ஹாஸ்டலில். வேலை செய்கிற இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் எழிலரசனை விளையாட்டு வெளியே தள்ளுகிறது என்றால் ஷிப்ட் முடிந்தது, அவள் சாப்பிட்டாள், இரும்புக் கட்டிலில் மேல் தட்டில் படுத்துக்கொண்டு வீட்டுக்குள் விரலை நகர்த்திக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. நாள் முழுக்க இடுப்பு ஒடியக் கலவையள்ளிப் பூசுகிற ஆளுக்கு அந்தக் கறுத்த திரை ஒரு வாய்த் தண்ணீர் மாதிரி.

விளையாட்டை அவளுக்குக் காட்டியது ஹாஸ்டல் பெண்கள். ஒரு வெறும் மனை கொடுப்பார்கள். விரலால் இழுத்தால் சுவர் எழும்பும். ஜன்னல், கட்டில், அடுப்பு என்று என்ன வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். குடியிருக்க இரண்டு பொம்மை, ஓர் ஆண், ஒரு பெண். அதுகளுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், குளிக்கத் தோன்றும், ஒன்றோடொன்று கோபித்துக்கொள்ளும். கட்டிக்கொண்டிருக்கும் வரை நேரம் நகராது. கட்டி முடித்து ஓடவிட்டால்தான் பொழுது விடிந்து பொழுது போகும்.

கட்டுவது அவன், ஓட்டுவது அவள் என்று தானாகவே ஆகிவிட்டது. அந்தப் பொம்மைகள் சாப்பிடுவதையும் படுப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பது எழிலரசனுக்கு அடுத்தவன் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவன் ஒருநாளும் ஓடவிட்டதில்லை.

கட்டுவதிலும் சண்டை வரும். மனையின் பின்மூலையில் தள்ளி அவன் பாத்ரூம் வைப்பான். மறுநாள் போய்ப் பார்த்தால் அதை இடித்துப் படுக்கை அறையை ஒட்டி வைத்திருப்பாள். அவன் மறுபடியும் பின்னால் கொண்டுபோவான். அவள் மறுபடியும் உள்ளே கொண்டுவருவாள்.

"படுக்கற எடத்துல யாராவது கக்கூசு வெப்பாங்களா சுமா?"

"மழை பேயற அன்னிக்கு உன் ஆள வேணும்னா வெளிய அனுப்பு. என் பொம்மை போவாது."

அவள் சொன்னது பொம்மையை அல்ல என்பது அவனுக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இருந்தது சிங்கவரத்தில் அவன் அண்ணன் நெடுமாறன் வீட்டில். அரசாங்கத் திட்டத்தில் கட்டிய வீடு. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. கூடத்தின் குறுக்கே புடவையைக் கட்டி அந்தப் பக்கம் அண்ணன், அண்ணி, பிள்ளைகள்; இந்தப் பக்கம் இவர்கள். வெளியே போக வேண்டும் என்றால் படுத்திருக்கிறவர்களைத் தாண்டிப் போக வேண்டும். அண்ணன் இருமினால் இவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். இவர்கள் பேச்சை நிறுத்தினால் அண்ணன் இருமுவான். அண்ணி மகாலட்சுமி கெட்டவள் இல்லை. அதுதான் சிரமம். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

ஒரு வருஷம் என்று சொல்லித்தான் சுமலதா ஒரகடம் போனாள். அந்த வருஷம் முடிகிற நேரம். இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள்.

"சொந்தமா கட்டறது அப்பறம் ஆவட்டும்" என்று அவள் போனில் சொன்னாள். "வாடகைக்காவது ஒரு வீடு பாரு மாமா. கதவ சாத்துனா சாத்துனதா இருக்கணும். பாத்துட்டேன்னு சொல்லு, நான் கையெழுத்து போடாம வந்துடறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்துகீறாங்க. இல்லன்னா போட்டுட்டு இங்கயே கெடக்கறேன். அந்தப் புடவைக்குப் பின்னாடி என்னால திரும்பவும் படுக்க முடியாது."

அவன் செஞ்சியில் வீடு தேடினான். திருவண்ணாமலை ரோட்டில் அவனே டைல்ஸ் போட்ட வீட்டின் மாடி காலியாக இருந்தது. வேலை செய்தபோது அந்த வீட்டம்மா தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தவர்.

"உனக்கு இல்லாததாப்பா" என்று உடனே சொன்னார். அவன் அன்றைக்கே சுமலதாவிடம் சொல்லிவிட்டான். மறுநாள் போனபோது வீட்டுக்காரர் இருந்தார்.

"எந்த ஊரு?"

"சிங்கவரங்க."

"சிங்கவரத்துல எந்தப் பக்கம்?"

"காலனிங்க."

"அப்பிடியா" என்று அவர் கொஞ்ச நேரம் ஓடுகிற லாரிகளைப் பார்த்தார். "பையன் சென்னைலருந்து வரேன்னு சொன்னான்பா. எனக்கு மறந்தே போச்சி பாரு."

அந்தத் தரையில் ஒவ்வொரு டைலும் தன் கையால் தட்டி வைத்தது என்று எழிலரசன் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். போனில் சரி என்றார்கள், ஆதார் கார்டில் விலாசம் பார்த்ததும் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்றார்கள். அதையும் அவன் அவசரப்பட்டு முன்பே சொல்லி வைத்திருந்தான். சுமலதா ஹாஸ்டலில் தன் ரூம் பெண்களிடம் சொல்லி, ஊருக்குக் கொண்டுபோக வாளி வாங்கி வைத்திருந்தாள். இல்லை என்று ஆனபோது, "சரி விடு" என்றாள். அந்த 'சரி விடு' அவனைக் கொன்றது. அடுத்த தடவை சாவி கைக்கு வராமல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டான்.

மூன்றாவதாகப் பார்த்தது சிறுகடம்பூரில் பீமாராவ் வீட்டு மாடி. பீமாராவ் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர்.

"எந்த ஊரு, எந்தப் பக்கம், நான் எதையும் கேக்க மாட்டேன்" என்றார். "என்னைக் கேட்டவங்க கோடி பேரு. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். மோட்டார் போட்டா நிறுத்தணும். போட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்துடக் கூடாது. இருக்கறவங்க வியாழக்கிழமை காலி பண்றாங்க. வெள்ளிக்கிழமை வந்து சாவி வாங்கிக்க."

சந்தோஷத்தைச் சொல்ல அவனுக்கு ஆள் இல்லை. தனகோட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாததை விளையாட்டில் கொட்டினான். பழைய வீட்டை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தான். வேலைக்கு நடுவே, பஸ்ஸில், டீக்கடை பெஞ்சில் என்று இரண்டு நாளில் எழுப்பினான். இந்தத் தடவை எல்லாம் அவள் கேட்டது. பாத்ரூம் படுக்கை அறையை ஒட்டி. சமையல்கட்டில் பெரிய ஜன்னல். படுக்கை அறைக்குத் தனிக் கதவு. அவள் ஒரு தடவை ஆசைப்பட்டு மாட்டி, எதுக்கு என்று அவன் எடுத்துப்போட்ட ஊஞ்சலையும் திரும்ப மாட்டினான்.

தலைவாசல் மட்டும் பாக்கி. அதை வைக்க அவனுக்குக் கை போகவில்லை.

வேலையில் எப்போதும் அப்படித்தான். வாசக்கால் நிறுத்துகிற அன்று அந்த வீட்டுக்காரம்மா வந்தாக வேண்டும். மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நவதானிய முடிச்சைக் கட்டி, அவள் கை பட்ட பிறகுதான் கொத்தனார் தூக்குவான். ஒரு வீட்டில் அந்தம்மா பிரசவத்துக்குப் பெங்களூர் போயிருந்தாள். அவள் குழந்தையோடு திரும்பி வருகிற வரைக்கும் வாசக்கால் மரம் சாக்குப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தது. வீட்டுக்காரர் எவ்வளவோ அவசரப்படுத்தியும் எழிலரசன் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சாவி வந்துவிடும். சுமலதா வந்துவிடுவாள். ஒரே போனை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலாலேயே வாசலை வைக்கட்டும் என்று நினைத்தான். ஆனால் வாசலுக்கு இடம் விட்டால் விளையாட்டு கூரையை ஏற்றாது. நாலு பக்கமும் அடைத்தால்தான் அது வீடு என்று ஒத்துக்கொள்ளும். அதனால் முன்பக்கத்தையும் சுவராலேயே மூடினான். கூரை ஏறியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் மணல் லாரிக்காரன் வந்து ஆரன் அடித்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். பொம்மைகள் எங்கே நிற்கின்றன என்று அவன் பார்க்கவில்லை. அவன் எப்போதும் பார்ப்பதில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டைத் திறந்தான். உள்ளே போனான். யாரும் தள்ளவில்லை. சோற்றைத் தின்றுகொண்டே ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். திரை கறுக்கவே இல்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். போன் பண்ணினால் எடுத்து, "தலவலி மாமா, அப்பறம் பேசறேன்" என்றாள்.

"இன்னா மேஸ்திரி, இப்பல்லாம் உன்ன யாரும் தள்ற மாதிரி தெரில" என்றான் தனகோட்டி.

எழிலரசன் பூசுகிற கரணையைத் தண்ணீரில் அலசினான்.

வெள்ளிக்கிழமை காலையில் சாவி கைக்கு வந்தது. அங்கேயே மாடிப்படியில் நின்று அவளுக்குப் போன் பண்ணினான். எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழம வரேன். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வரேன். பேசணும்."

"நானும் பேசணும் சுமா. ஒரு விஷயம் கீது."

"வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள். சனிக்கிழமையும் அவன் கூப்பிட்டுப் பார்த்தான், எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலை போகிற பஸ்ஸிலிருந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். கண் சிவந்திருந்தது. தோளில் மாட்டியிருந்த பை தட்டையாக இருந்தது, தங்குகிறவள் கொண்டுவருகிற பை இல்லை. அவன் இரண்டு டீ சொன்னான்.

"குடி. குடிச்சிட்டு ஒரு எடத்துக்குப் போலாம்."

"எடமெல்லாம் வேணாம். இங்கயே சொல்லிட்டுப் போறேன். கையெழுத்து போட்டுட்டேன்."

மேல்மலையனூர் பஸ் கண்டக்டர் அவர்கள் காதுக்குள் வந்து கத்திவிட்டுப் போனான்.

"எப்ப?"

"வியாழக்கிழம."

"சனிக்கிழம வரைக்கும் டைம் இருந்துச்சே."

"எதுக்கு மாமா டைமு? நீதான் பதில் சொல்லிட்டியே."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுமலதா போனை எடுத்தாள். விளையாட்டைத் திறந்து, ஓடவிட்டு, அவன் முன்னால் நீட்டினாள்.

கூரை போட்ட புது வீடு. உள்ளே ஆண் பொம்மை நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெளியே புல்லில் பெண் பொம்மை சுவரோரமாக நடந்தது. பின்பக்கம் போனது, மறுபடியும் முன்பக்கம் வந்தது. நின்று, கையை மேலே தூக்கி ஆட்டியது. அதன் தலைக்கு மேலே பசிக்கிறது என்று சிவப்பாக ஓர் அடையாளம் மின்னிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தது சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்ப் படுத்தது.

"கக்கூசு கேட்ட எடத்துல கட்டிட்ட. ஜன்னல் வெச்சிட்ட. ஊஞ்சல் கூட மாட்டிட்ட" என்றாள் சுமலதா. குரல் உயரவில்லை. "எல்லாம் நான் கேட்டதுதான். நான் உள்ள போறதுக்கு மட்டும் வழி வெக்கல. ரூம்ல இருக்கற பொண்ணுங்க பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாளுங்க. இன்னாடி உங்க வூட்டுக்காரரு உன்ன வெளிய வெச்சிப் பூசிட்டாருன்னு. எனக்கு சிரிப்பு வரல. ரெண்டு தபா வீடு கெடச்சிச்சின்னு சொன்ன, இல்லன்ன. அதுக்கப்பறம் வாயே தொறக்கல. சரி, அலுத்துப் போச்சி போல, வாயால சொல்ல முடியாம இப்பிடி சொல்றாருன்னு நெனச்சேன்."

எழிலரசன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வாசக்கால் வெக்கல சுமா."

"அதான் தெரியுதே."

"நீ இல்லாம எப்பிடி வெக்கறது?"

அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் சித்தாளாகக் கல் சுமந்தவள்தான். வாசக்கால் நிறுத்துகிற அன்று மஞ்சள் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"போன்லயா?" என்றாள்.

"போன்ல இருந்தா இன்னா. வீடுன்னா வீடுதான."

"லூசு" என்றாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"நீ கேட்டிருக்கலாம்ல."

டீ ஆறி ஏடு கட்டியது. அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது இன்னாது?"

"வா, காட்டறேன்."

இரவல் வாங்கிவந்த பைக்கில் சிறுகடம்பூருக்குப் போனார்கள். அவன் இடுப்பைப் பிடித்திருந்த அவள் கை இறுகியிருந்தது. பீமாராவ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா. மோட்டார் சுவிட்ச் இங்க கீது. போட்டா நிறுத்தணும். எப்ப பால் காய்ச்சறீங்க?"

"சொல்றோங்க" என்றான் எழிலரசன்.

மாடியில் ஒரு படுக்கை அறை, ஒரு சின்னக் கூடம், சமையல்கட்டு. ஜன்னலில் கோட்டை மலை பாதி தெரிந்தது, பாதியை யாரோ கட்டுகிற மாடி மறைத்தது. சுமலதா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்து மூடினாள். பாத்ரூம் படுக்கை அறைக்குள்ளேயே இருந்தது. அதன் கதவைத் திறந்து உள்ளே போய், சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வந்தாள். முகம் ஈரமாக இருந்தது. கழுவியிருந்தாள்.

"கையெழுத்த திரும்ப வாங்க முடியாதா?" என்று அவன் கேட்டான்.

"முறிச்சா சர்டிபிகேட் தர மாட்டாங்க. இத்தினி நாள் பாத்தது வீணாப் போயிடும். வேற எங்கயும் எடுக்க மாட்டான்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு வருஷத்துல லைன் லீடர் ஆக்கறேன்னு சொல்லிகீறாங்க. அதுவும் ஒரு ஆசதான், பொய் சொல்லல. ஆனா அதுக்காக போடல மாமா. சாவி ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"சரி."

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நான் வர வரைக்கும் இத வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? தனியா இருப்பியா?"

"இருப்பேன்."

"எதுக்கு மாமா? வாடக தண்டம். அண்ணி சோறு போடறாங்க, அங்கயே இரு."

"விட்டா வேற யாராவது வந்துடுவாங்க. அப்பறம் மறுபடியும் தேடணும். மறுபடியும் ஒருத்தன் முன்னாடி நின்னு எந்தப் பக்கம்னு சொல்லணும். என்னால ஆவாது சுமா."

அவள் தலையை ஆட்டினாள். பையைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ராத்திரி பூரா நின்னுகினே வேல. காலு ரெண்டும் என்னுது இல்ல போலகீது. கொஞ்சம் கண்ண மூடறேன். நாலு மணி பஸ்ஸுக்கு எழுப்பு. அதுல போனாத்தான் ஷிப்டுக்கு சரியா இருக்கும். அஞ்சு மணி வண்டில போனா ஓடணும்."

"படு."

அவன் துண்டை உதறி விரித்தான். அவள் அதில் ஒருக்களித்துப் படுத்தாள். கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, "அந்தக் கதவ சாத்து" என்றாள். சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள்.

அண்ணன் வீட்டில் அவள் பகலில் படுத்து அவன் பார்த்ததில்லை. இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் படுப்பாள், விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவாள். வெளிச்சத்தில் அவள் தூங்குகிற முகம் எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருந்தது. புறங்காலில் கம்பெனி செருப்பின் வார் அழுந்திய தடம். விரல் நுனிகள், அந்தச் சின்னச் சாமான்களைப் பிடித்துப் பிடித்து, வழவழவென்று ஆகியிருந்தன. கல் சுமந்த காலத்துக் காய்ப்பு உள்ளங்கையில் இல்லை. போய்விட்டது. அவன் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பசித்தது. வாங்கிவரப் போகலாம். போனால் கதவு சத்தம் கேட்கும்.

கீழே பீமாராவ் மோட்டார் போட்டார், நிறுத்தினார். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி அவள் முழங்கால் வரை வந்தது. அவன் நகர்ந்து உட்கார்ந்து அதை மறைத்துக்கொண்டான்.

நாலு மணி ஆனது. திண்டிவனம் ரோட்டுப் பக்கம் ஆரன் சத்தம் கேட்டது. அவள் புரண்டு படுத்து, தூக்கத்திலேயே அவன் லுங்கி நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழுப்பவில்லை. அந்தப் பஸ் போனது.

அடுத்த வண்டிக்கு நேரம் நெருங்கியதும் குனிந்து அவள் தோளில் கை வைத்தான்.

"சுமா" என்றான். அவளுக்குக் கேட்கிற அளவுக்குக் குரல் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னான். அப்புறம், சத்தமாக, "எழுந்துரு, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றான்.